தொட்டுச் சொன்ன சொல்

சௌந்தரராஜனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அவருடைய கையைப் பற்றித்தான் சொல்வேன். முகம் சாதாரண முகம். மீசை கொஞ்சம் அதிகப்படி. பேச்சு பரவாயில்லை ரகம். ஆனால் அந்த வலது கை இருக்கிறதே, அது போய் உட்காராத தோள் இந்த வங்காளி ஊரான பெஹாலாவில் கிடையாது. டீக்கடைக்காரர், கிளப் செயலாளர், தண்ணீர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர் என்று யாராக இருந்தாலும் ஒரு நொடி தொட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். தொட்ட பிறகு அவர் கேட்டதை மறுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் மொண்டல் பாபு என்கிற ப்ரொமோட்டரிடம் வேலை. நான் பத்திரம் டைப் அடிப்பேன், ஃபைல் பார்ப்பேன், தேவைப்பட்டால் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்குவது சௌந்தர் அண்ணாவின் வேலை. அந்த ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அதனால் யாரைத் திட்டுவதானாலும் சத்தமாகத் திட்டிக்கொள்ள ஒரு வசதி இருந்தது.

அவர் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து துறைமுகத்துக் குமாஸ்தாவாக இங்கே வந்தவர். பிள்ளைகளை எட்டி நின்று பேசும் ரகம். "எங்கப்பா என்னைத் தொட்டது வாழ்க்கையில ரெண்டே தடவை விஜி. ரெண்டும் அடி" என்று சௌந்தர் அண்ணா சிரித்துக்கொண்டே சொல்வார். படிப்பு ஏறவில்லை. இருபது வயதில் லேக் கார்டன்ஸில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்றார். முக்கால்வாசிக் கதவுகள் பாதி திறந்து முழுதாக மூடிக்கொண்டன. ஒருநாள் படியில் தடுமாறிய ஒரு பெரியவரை முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அதில் எந்த உள்நோக்கமும் இல்லை என்று இன்றும் சத்தியம் செய்வார். அந்தப் பெரியவர் ஃபில்டரை வாங்கியதோடு பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வாங்க வைத்தார். சௌந்தர் அண்ணாவுக்கு அன்று பொறி தட்டியது. அடுத்த வாரம் முழுக்க ஒரு வீட்டில் தொட்டும் அடுத்த வீட்டில் தொடாமலும் பேசிப் பார்த்தார். தொட்ட பத்து வீட்டில் ஆறு வீடு உள்ளே கூப்பிட்டது, தொடாத பத்தில் இரண்டுதான் என்பது அவரே சொன்ன கணக்கு. நான் சரிபார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் அதை ஒரு வித்தையாகவே வளர்த்துக்கொண்டார். வயதானவர்களைப் பார்த்தால் குனிந்து விரல் நுனியால் பாதத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வார். நம்மூர் போல விழுந்து கும்பிடுவது இல்லை, இங்கத்துப் பிரணாம். அப்போது அந்தப் பெரியவரின் கை தானாக இவர் தலைக்கு வந்துவிடும். "அவங்க நம்மளைத் தொட்டுட்டா அப்புறம் நாம அன்னியன் இல்ல" என்பார். பெண்கள் என்றால் பேனா கொடுக்கும்போது மணிக்கட்டில் ஒரு நொடி. அதற்கு மேல் போகவே மாட்டார். இரண்டாவது நொடியில் காரியம் கெட்டுவிடுமாம்.

பூர்ணிமா லாஹிரியின் வீட்டில்தான் இந்த வித்தை மாட்டிக்கொண்டது.

அந்த வீட்டுக்கு நான்கு பங்குதாரர்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் இருந்தவர் பூர்ணிமா. கணவரை இழந்தவர், பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். அவரோடு இருப்பது கணவரின் தம்பி தேபு. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயல்படாமல் போனவர். சக்கர நாற்காலியில் கீழ்த்தளத்துத் தெருப்பக்க ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மொபைல் ரிப்பேர் பார்ப்பார். ஆட்கள் தெருவில் நின்றபடியே கம்பி வழியாக போனை நீட்டுவார்கள், அரை மணி கழித்து வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு இருந்த கடை, கௌரவம், ஊர்க்கதை எல்லாம் அந்த ஒரு ஜன்னல்தான். பூர்ணிமா கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். புதுக் கட்டடத்திலும் தேபுவுக்குத் தெருப்பக்கம் கீழ்த்தளம் வேண்டும்.

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ப்ளான் என் மேஜை டிராயரில் இருந்தது. கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். பூர்ணிமாவுக்கு ஒதுக்கியிருந்தது நாலாவது மாடி, பின்பக்கம். மொண்டல் பாபு பத்திரத்தில் தளம் என்கிற இடத்தைக் காலியாக விடச் சொன்னார். "அந்தம்மா கையெழுத்து முதல்ல வரட்டும். தளத்தை நான் அப்புறம் நிரப்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே பன்னிரண்டு பக்கத்துக்கும் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். அவருக்கு அதுதான் வழக்கம். வாயை மூடிக்கொண்டு அதை டைப் அடித்தவள் நான். ஆகவே சௌந்தர் அண்ணாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தும் சொன்னேன்.

முதல் தடவை போனபோதே அவர் தேபுவை வளைத்துவிட்டார். தேபுவை ஊரில் யாரும் தொடுவதில்லை. தொட்டாலும் குழந்தையைப் போலத் தலையில் தட்டிவிட்டுப் போவார்கள். சௌந்தர் அண்ணா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, பெரிய மனிதர்களோடு குலுக்குவதுபோல அழுத்திக் குலுக்கினார். தேபு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும், "வேலூர்! அங்கேதான் எனக்கு ஆபரேஷன் பண்ணாங்க. உங்க ஊர்க்காரங்க தங்கமானவங்க" என்றார். பூர்ணிமா உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை போனபோது, சௌந்தர் என்பதை வங்காளி வாயில் சுந்தராக்கி, "சுந்தர் பாபு, உங்க வாயைவிடக் கைதான் நிறையப் பேசுது" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னதாகச் சொல்ல முடியாது.

நாலாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை அலிப்பூரில் பதிவு. "இன்னைக்குக் கையெழுத்து வரலேன்னா திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவேணாம்" என்று மொண்டல் பாபு சௌந்தர் அண்ணாவிடம் சொல்லியிருந்தார். டோட்டோ என்கிற பாட்டரி ரிக்ஷாவில் போகும்போது மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணா, இன்னைக்காவது கையைப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க" என்றேன்.

"நீ பேப்பரைப் பாத்துக்கோ விஜி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நாலாவது மாடியில உக்காந்து அந்த மனுஷன் யார் போனை ரிப்பேர் பண்ணுவார்? கயிறு கட்டி இறக்குவாரா?"

அவர் டோட்டோக்காரரின் தோளைத் தட்டி, வங்காளியில் அண்ணன் என்று பொருள்படும் தாதா போட்டு, இங்கேயே நிறுத்துங்கள் என்றார்.

பூர்ணிமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம். ஃபேன் ஓடியும் எனக்கு வியர்த்தது. ஜன்னலோரம் தேபு ஒரு போனைக் கழற்றி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். ஏழாம் பக்கத்தில் பூர்ணிமாவின் விரல் நின்றது.

"இந்த இடம் காலியா இருக்கே?"

"ப்ளான் பாஸ் ஆனதும் நிரப்பிடுவாங்க பவுதி. கீழ்த்தளம் உங்களுக்குத்தான். என்னை நம்புங்க" என்று அவரை அண்ணி முறை வைத்து வங்காளியில் சொல்லிக்கொண்டே சௌந்தர் அண்ணா பேனாவை நீட்டினார். நீட்டிய விரல்கள் பூர்ணிமாவின் மணிக்கட்டைத் தொட்டன. ஒரே ஒரு நொடி.

அங்கேதான் தப்பு நடந்தது. வங்காளி வீடுகளில் ஒருவரைத் தொட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் அது சத்தியம். "என்னைத் தொட்டுச் சொல்லு" என்று குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை கேட்பார்கள். பொய் சொன்னால் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது, தொடப்பட்டவருக்குத்தான் கெடுதல் வரும் என்று நம்பிக்கை. நமக்குச் சத்தியம் என்றால் உள்ளங்கையில் அடிக்க வேண்டும், இல்லை தலையில் கை வைக்க வேண்டும். மணிக்கட்டை லேசாகத் தொடுவதெல்லாம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நாற்பத்து மூன்று வருஷம் இந்த ஊரில் இருக்கும் மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. இத்தனை நாள் பேச்சில் எந்த இடத்தில் தொடலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்வார். அன்று பயத்தில் கை முந்திக்கொண்டது.

பூர்ணிமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தொட்டுச் சொன்னீங்க. பாத்தேன்" என்றார். "ஆனா என்னைத் தொட்டுச் சொன்னா போதாது. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. தேபுவைத் தொட்டுச் சொல்லுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

தேபு சிரித்தார். "என்ன பவுதி, சின்னப் பசங்க மாதிரி! சுந்தர் தாதா சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்து, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. சௌந்தர் அண்ணாவின் கை எழவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் தொட்ட கை தொடைமேல் கிடந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட என்மேல் வந்தது. தொட்டுவிடுவார் என்று நினைத்தேன். தொட்டுவிட்டால் நான் என்ன செய்வேன், வெளியே போய் உண்மையைச் சொல்வேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்றுதான் தோன்றியது. எனக்கும் அம்மா இருக்கிறாள், வீட்டு வாடகை இருக்கிறது.

அவர் என் பக்கம் திரும்பாமலே தமிழில் கேட்டார். "விஜி, பாபு எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"ம்."

"ஏழாம் பக்கத்துலயும்?"

"ஆமா. ஏன்?" என்று கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, வேணாம். வேலை போயிடும்."

"தொட்டுப் பொய் சொல்ல வரலை விஜி" என்றார். "இத்தனை நாள் தொட்டேன், பொய்யும் சொன்னேன். ரெண்டையும் சேத்துச் செய்யச் சொன்னா வரலை."

பேனாவை எடுத்தார். காலியாக விட்டிருந்த இடத்தில் கிரவுண்ட் ஃப்ளோர், தெருப்பக்கம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதினார். பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். அடியில் மொண்டல் பாபுவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அப்புறம் எழுந்து போய் தேபுவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கீழ்த்தளம். இந்த ஜன்னல் இருக்கிற பக்கம். உங்களுக்குத்தான்."

பூர்ணிமா அந்த எழுத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதன் பக்கத்தில் சுருக்கமாகவும் பக்கத்தின் அடியில் முழுதாகவும் கையெழுத்துப் போட்டார். பிறகு பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். சாட்சி நான். சௌந்தர் அண்ணா என்னைப் பார்க்கவே இல்லை, போடு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டேன். தைரியத்தில் போட்டேன் என்று சொன்னால் பொய். தேபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை அலிப்பூர் பதிவு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் கூட்டம். மற்ற மூன்று பங்குதாரர்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பூர்ணிமா சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மொண்டல் பாபு வக்கீலோடு நின்று பக்கங்களைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவர் கழுத்து சிவந்தது. சௌந்தர் அண்ணா முன்னால் போய், "நான்தான் எழுதினேன் பாபு" என்றார். மொண்டல் பாபு கத்தவில்லை. கத்தினால் பங்குதாரர்கள் காதில் விழும். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். உடனே மொண்டல் பாபு என்னைக் கூப்பிட்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

அவர் கேட்டது சின்ன விஷயம். பூர்ணிமா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஆபீசில் வைத்து சௌந்தர் அதை எழுதினார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் பத்திரம் கெட்டுப்போய்விட்டது என்று கிழித்துப் போட்டுவிட்டு, காலியிடத்தோடு புதிதாக ஒன்று டைப் அடித்து, குமாஸ்தா செய்த பிழை என்று அந்த அம்மாவிடம் மறுபடி கையெழுத்து வாங்கிவிடலாம். மாட்டிக்கொள்வது சௌந்தர் ஒருவன்தான். எனக்கு எந்தச் சிக்கலும் வராது.

"நீ பயந்துட்ட மா. எனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லிக்கொண்டே என் தலையில் கையை வைத்தார்.

எட்டு வருஷ வேலையில் அந்த மனிதர் என்னைத் தொட்டதே இல்லை. பெரிய, சூடான கை. இங்கே பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யும்போது வைப்பார்களே, அதே மாதிரி. "நீ என் பொண்ணு மாதிரி. அவன் அப்புறம்தானே எழுதினான்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

நான் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு இதமாக இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத தலை. அந்தக் கை பட்டதும் பாரத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சௌந்தர் அண்ணாவின் கையை இத்தனை வருஷம் திட்டினேனே தவிர, அப்படி ஒரு கைக்குக் கீழே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று தெரிந்தது. இல்லை என்கிற சொல் வாய்க்கு வரவில்லை. என் கழுத்து மட்டும் ஆமாம் என்று ஆட ஆரம்பித்துவிட்டது. ஆடியது எனக்கே தெரிந்தது. பயந்துபோனேன்.

ஒரு எட்டு பின்னால் வைத்தேன். கை தலையிலிருந்து நழுவி அந்தரத்தில் நின்றது. படிக்குக் கீழே முணுமுணுத்தால் மறுபடி அந்தக் கை வந்துவிடும் என்று தாழ்வாரத்துக்கு வந்து நின்றுகொண்டேன். எனக்குக் குரல் உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை, அதனால் கீச்சென்று வந்தது.

"அவர் எழுதினதுக்கு அப்புறம்தான் பவுதி கையெழுத்துப் போட்டாங்க. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். சாட்சி போட்டதும் நான்தான்."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பங்குதாரர்களில் மூத்தவர் எழுந்து வந்து என்ன எழுதியது, எங்கே என்று கேட்டார். வக்கீல் கையிலிருந்த பத்திரத்தை வாங்கிப் படித்தார். "தேபு எப்பவும் கீழேதானே இருக்கான்? இதுல என்ன பிரச்சினை மொண்டல் பாபு?" என்றார். பிரச்சினை என்ன என்று மொண்டல் பாபுவால் அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியவில்லை. உள்ளே பூர்ணிமா லாஹிரி என்று பெயர் கூப்பிட்டார்கள். பூர்ணிமா பெஞ்சிலிருந்து எழுந்து, பத்திரத்தை அவர்கள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என்னைத் தாண்டும்போது நிற்கவில்லை.

கட்டைவிரல் ரேகை, போட்டோ எல்லாம் முடிந்து மொண்டல் பாபு வெளியே வந்ததும் எங்கள் இருவரிடமும் ஆபீஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சௌந்தர் அண்ணாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்று இரண்டு தரம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். தேபுவுக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் பத்திரத்தில் ஏறிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை போயிற்று.